கடாரம் போற வழியில ஒரு கதவு

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில், வாழை இலைச் சாப்பாடு முடிந்து தே தாரிக் வந்த நேரம். ஒரு பக்கம் மாமா: பணி ஓய்வு பெற்றவர், கோயில் கமிட்டிப் பொருளாளர், வாட்சப்பில் தினம் ஒரு சோழ வரலாறு அனுப்புகிறவர். எதிரே மருமகன்: கிள்ளானிலிருந்து கொமூட்டர் ஏறி வந்தவன், பகலில் ஃபார்வர்டிங் ஆபீஸ், இரவில் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள். இராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்தின் (இன்றைய கெடா) மீது படையெடுத்ததைக் கணினி விளையாட்டாக்கப் போவதாகத் தீபாவளியன்று குடும்பத்தார் முன் அறிவித்துவிட்டான். அன்றிலிருந்து மாமா, யாரும் நியமிக்காத நிர்வாகத் தயாரிப்பாளர்.

"கப்பல் எத்தனை ரெடி?"

"கதவு ரெடி மாமா."

"என்ன கதவு?"

"கோட்டைக் கதவு. தொறக்குது, மூடுது."

மாமா கிளாசைக் கீழே வைத்தார். "ஆயிரம் வருஷத்துக்கு முந்தி ஒரு படையே கெடாவுல வந்து எறங்கிருச்சு. நீ இன்னும் கதவத் தொறந்துக்கிட்டு இருக்க. பட்டனத் தட்டுனா தானா வராதா?"

"தட்டுனா ஒரு பெட்டி வரும். பிளெண்டரத் தொறந்ததும் நடுவுல சாம்பல் கலர்ல ஒரு கனசதுரம். எல்லாத்தையும் அதுலேர்ந்து இழுத்து, வெட்டி, தள்ளித்தான் செய்யணும்."

"அதுக்கு எத்தனை வெள்ளி கட்டுன?"

"இலவசம் மாமா. 2002ல அத வச்சிருந்த கம்பெனி படுத்துருச்சு. பயன்படுத்துனவங்களே 7 வாரத்துல 100,000 யூரோ திரட்டி, சோர்ஸ் கோட மீட்டுப் பொதுவுல விட்டுட்டாங்க."

"7 வாரத்துலயா?" பொருளாளர் மனசு கோயில் திருப்பணி நிதிப் பக்கம் போய்விட்டு வாடித் திரும்பியது. "சரி, போன மாசம் ஒரு யானை அனுப்புனியே, நல்லாத்தான இருந்துச்சு?"

"நிக்கிற வரைக்கும் நல்லா இருக்கும். நடக்கணும்னா உள்ள எலும்பு போடணும். எந்த எலும்பு எந்தத் தோல எவ்வளவு இழுக்கும்னு கலர் பூசிச் சொல்லணும். சிவப்புன்னா முழுசா இழுக்கும், நீலம்னா தொடாது. எங்கயோ தப்பாப் பூசிட்டேன். தும்பிக்கையத் தூக்குனா பின்னங்காலும் சேந்து வருது."

மருமகன் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த எலும்புப் பாடத்தைப் பாதியில் நிறுத்தி, கடலலை செய்யும் பாடத்துக்குத் தாவி, அங்கிருந்து கேடயத்தில் துரு ஏற்றும் பாடத்துக்கும் போயிருந்தான். யூடியூபில் பாடம் சேர்த்து வைப்பதையே படிப்பு என்று நம்புகிறவர்கள் இந்தத் துறையில் அதிகம்.

"கோச்சடையான்ல எத்தனை குதிரை, எத்தனை படை!"

"அதுக்கு இங்கிலாந்து பைன்வுட் ஸ்டூடியோ வரைக்கும் போயி, ரஜினி உடம்புல குறி ஒட்டி அசைவப் பிடிச்சாங்க. 2014ல படம் வந்தப்ப அனிமேஷனப் பத்தி ஜனங்க என்ன சொன்னாங்க?"

ரஜினி சம்பந்தப்பட்ட விஷயம். மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதோட, அது சினிமா மாமா. ஒரு ஃபிரேமுக்குக் கம்ப்யூட்டர் மணிக்கணக்கா எடுத்துக்கிட்டாலும் கேள்வியில்ல. கேம்ல வினாடிக்கு 60 தடவ புதுசா வரையணும். ஆயிரம் வீரன நிக்க வச்சா என் லேப்டாப்பு மூச்சு விடாது."

"ஷா ஆலாம்ல உப்பின் இப்பின் எடுக்கிறவன் மட்டும் எப்படிச் செய்யறான்?"

"அத எடுக்கிற லெஸ் கொப்பாக் கம்பெனி ஆளுங்க மொதல்ல செய்ய நெனச்சது 'கெங்'. மலேசியாவோட மொதல் முப்பரிமாண முழுநீள அனிமேஷன் படம். 2009லதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஜனங்களுக்குப் பிடிக்குதான்னு பாக்க, 2007 நோன்பு மாசத்துல சின்னச் சின்னதா 6 எபிசோட் விட்டாங்க. அதுதான் உப்பின் இப்பின். உப்பின் தலையில ஒரே ஒரு முடி, இப்பினுக்கு அதுவும் கெடையாது. முடி செய்யற வேலை எவ்வளவு மிச்சம், நெனச்சுப் பாருங்க!"

"அப்ப ராஜேந்திரனுக்கு மொட்டை போடப் போறியா?"

"கிரீடம் வச்சு மறைச்சிடலாம்னு இருக்கேன். டொரோண்டோவுல ஒரு சின்னக் குழு 'வெண்பா'ன்னு ஒரு கேம் செஞ்சாங்க மாமா, 2023ல. முப்பரிமாணமே இல்ல, வெறும் ஓவியம். கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், அம்மா சமைக்கிறாங்க. ஆரம்பமே இட்லி. மறு வருஷம் பாஃப்டா விருது குடுத்துட்டாங்க."

"இட்லியா? எதிரி யாரு?"

"பாதி அழிஞ்சு போன சமையல் குறிப்பு."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவருடைய கணக்கு வேறு பக்கமாகப் போனது. "இட்லிக்கே பாஃப்டான்னா கடாரத்துக்கு ஆஸ்கார்தான். சரி, ராஜேந்திரனுக்கு மொகம் யாரு மாதிரி?" மீசையைத் தடவிவிட்டுக்கொண்டார்.

மருமகன் கைப்பேசியை எடுத்தான். "எழுந்து நில்லுங்க. ரெண்டு கையையும் பக்கவாட்டுல நேரா நீட்டுங்க. எலும்பு போடற மனுஷ உருவம் பெரும்பாலும் மொதல்ல இப்படித்தான் நிக்கும்."

மாமா நின்றார். ரசம் வாளியோடு வந்த பையன் அவர் வலது கைக்கடியில் குனிந்து போனான்.

"சிரிக்கட்டுமாடா?"

"வேணாம் மாமா, மொகத்துக்கு எலும்பு போடற பாடத்த நான் இன்னும் பாக்கல."