சந்தா அட்டை

1994 ஜனவரியில் எங்கள் எண்ணெய்க் கப்பல் பழுது பார்ப்பதற்காக லிஸ்பனுக்கு எதிர்க்கரையில், அல்மாடாவில் இருந்த லிஸ்நாவ் தளத்தில் ஏறிக் கிடந்தது. நான் அதில் மூன்றாம் எஞ்சினியர். வால்வுகளைப் பிரித்துப் பார்க்கத் தளத்திலிருந்து வந்த மேஸ்திரிக்கு ஐம்பத்தெட்டு வயதிருக்கும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எண்ணெய் துடைத்த காட்டன் வேஸ்டைப் பந்தாகச் சுருட்டி, பத்தடி தள்ளியிருந்த டிரம்முக்குள் எறிந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மணிக்கட்டு சரியாக மடங்குகிறது தம்பி. எங்கே பழகினாய்?”

தூத்துக்குடியில் பள்ளிக்கூடத்துச் சிமென்ட் தரையில் கூடைப்பந்து ஆடியதைச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து ஓரம் நைந்த ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். சிவப்பும் வெள்ளையுமாக ஒரு சின்னம். ‘ஃபுட்போல் கிளப் பரெய்ரென்ஸ்.’ கீழே அவருடைய உறுப்பினர் எண். மாதம் தவறாமல் சந்தா கட்டும் உறுப்பினரை அங்கே ‘சோசியு’ என்பார்கள். “சனிக்கிழமை எங்கள் ஊருக்கு வா. லிஸ்பன் போய் அங்கிருந்து படகு பிடி” என்றார்.

படகு பிடித்த இடம் ஒரு ரயில் நிலையம். 1932இல் கட்டிய அழகான கட்டடம். தெற்கே போகும் ரயிலுக்கு அங்கேதான் டிக்கெட் கொடுத்தார்கள். ஆனால் தண்டவாளம் கிடையாது. நடைமேடை இருக்க வேண்டிய இடத்தில் தேஜு ஆறு. படகேறி ஆற்றைக் கடந்தால் பரெய்ரு. ரயில் அங்கே, தண்ணீரை ஒட்டி நின்றது. அலென்தேஜுவுக்கும் அல்கார்வுக்கும் போகிறவர்கள் மூட்டைகளோடு படகிலிருந்து ரயிலுக்கு ஓடினார்கள். அந்த ஓட்டத்துக்கு நடுவில் மேஸ்திரி எனக்காக நின்றிருந்தார்.

நடந்துகொண்டே ஊரைச் சொன்னார். 1861இல் இங்கிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. பின்னாலேயே ரயில்வே பட்டறை வந்தது. 1908இல் அல்ஃப்ரெது த சில்வா என்ற முதலாளியின் ‘கூஃப்’ தொழிற்சாலைகள் புகைய ஆரம்பித்தன: கந்தக அமிலம், உரம், சணல் சாக்கு. மன்னராட்சி போய்க் குடியரசு வந்த ஆறாம் மாதம், 1911 ஏப்ரல் 11 அன்று, பரெய்ரென்ஸ் பிறந்தது. தொடங்கியவர்கள் ரயில்வே பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்த பையன்கள். மேஸ்திரியின் அப்பாவும் அந்தப் பட்டறையில்தான் இருந்தார். அம்மா கூஃப் சணல் ஆலையில். 1943 ஜூலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது இவருக்கு ஏழு வயது. தெருவில் குடியரசுக் காவல்படைக் குதிரைகள் நின்றதையும் அம்மா கதவைத் திறக்க விடாததையும் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. ஐம்பது வருடம் கழிந்தும் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

உடனே முகம் மலர்ந்து கூடைப்பந்துக்கு வந்தார். 1956-57, 1957-58 என்று அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் பரெய்ரென்ஸ் போர்த்துகல் சாம்பியன். பென்ஃபிகா, ஸ்போர்ட்டிங் என்ற லிஸ்பனின் இரண்டு பெரிய கிளப்புகளையும் தாண்டி, ஆற்றுக்கு இந்தப் பக்கத்துத் தொழிலாளர் ஊருக்குக் கோப்பை வந்தது. அப்போது அவருக்கு இருபத்தொன்று. “இரவு ஷிப்ட் முடிந்து தூங்காமல் ஆட்டம் பார்ப்போம். மறுநாள் லேத்தில் நிற்கும்போது கூட ஒவ்வொரு புள்ளியையும் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்போம்.” கால்பந்திலும் பெருமை இருந்தது. 1970இல் ஐரோப்பியப் போட்டியில் டினமோ ஸாக்ரெபைச் சொந்த ஊரில் 2-0 என வென்றார்கள். அங்கே போய் 6-1 எனத் தோற்றார்கள். இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொன்னார், தோல்வியை ஒளிக்கவில்லை.

கிளப்பின் ஜிம்முக்குள் பத்து வயதுப் பிள்ளைகள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். வலது கைக்காரர்கள் எல்லோரையும் இடது கையால் லே-அப் (ஓடி வந்து எம்பி வளையத்துக்கு அருகிலிருந்து பந்தைப் போடுவது) போடச் சொல்லியிருந்தார் பயிற்சியாளர். பத்தில் ஒன்பது வெளியே போயின. யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் திரும்பப் போய் நின்று, திரும்ப ஓடி வந்தார்கள். சுவரோரம் தாத்தாக்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் சோசியுக்கள்.

“இதில் நன்றாக ஆடுகிறவன் என்ன ஆவான்?” என்று கேட்டேன்.

“படகேறிப் போய்விடுவான். ஜொஸே அவுகுஸ்து போனான், ஷலானா போனான்.” இருவரும் இந்த ஊரில் பிறந்து, இந்தக் கிளப்பில் கால்பந்து ஆடி, பென்ஃபிகாவுக்குப் போய்ப் புகழ்பெற்றவர்கள். “போகட்டும். போகிற அளவுக்கு வளர்த்து விடுவதற்குத்தானே நான் சந்தா கட்டுகிறேன்?”

அதன்பின் எட்டு வருடம் எங்களுக்குள் கிறிஸ்துமஸ் வாழ்த்து போய் வந்தது. ஒன்பதாம் வருடம் என் வாழ்த்துக்குப் பதில் அவருடைய மகளிடமிருந்து இரண்டு வரிக் கடிதமாக வந்தது.

2025 அக்டோபரில், ஓய்வுபெற்ற பிறகு, மறுபடி போனேன். தண்டவாளம் இல்லாத அந்த நிலையத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள். சுற்றுலாப் படகுகள் நிற்கின்றன. பரெய்ரு போக வேகப் படகு, இருபது நிமிடம்தான். ஆனால் அக்கரையில் யாரும் மூட்டையோடு ஓடவில்லை. தேஜு ஆற்றுப் பாலத்தின் மேல் 1999இல் ரயில் ஓட ஆரம்பித்த பிறகு, தெற்கே போகும் நெடுந்தூர ரயிலுக்கு இந்த ஊர் வேண்டியிருக்கவில்லை. என் கப்பல் கிடந்த அல்மாடா தளம் 2000இல் மூடப்பட்டது. சிவப்புப் பாரந்தூக்கி மட்டும் ஆற்றைப் பார்த்து நிற்கிறது. கூஃப் 1975இல் அரசுடைமையாகி, பிறகு சிறுத்துச் சிறுத்து, அதன் நிலம் இன்று தொழிற்பூங்காவாக இருக்கிறது. டீசல் மின்நிலையம் இருந்த கூடத்தில் அருங்காட்சியகம். மேஸ்திரி கைநீட்டிக் காட்டிய கால்பந்து மைதானம், கூஃப் முதலாளிக் குடும்பத்து மனுவெல் த மெல்லுவின் பெயர் தாங்கியது, இடிக்கப்பட்டு நிலம் கைமாறிவிட்டது.

இவற்றைப் பார்த்துவிட்டு நடக்கும்போது நெஞ்சு கனத்தது. இரும்போடும் எண்ணெயோடும் நாற்பது வருடம் வாழ்ந்தவன் நான். பட்டறைச் சத்தம் ஓய்ந்த ஊரில் என்னால் சாதாரணமாக நடக்க முடியாது.

ஆனால் கூடைப்பந்து ஓயவில்லை. பக்கத்திலேயே வால் த அமொரெய்ரா குடியிருப்பு. அங்கே கினி-பிசாவிலிருந்து வந்த குடும்பத்தில் 1999இல் பிறந்த நெமியாஸ் கேத்தா என்ற பையன் பரெய்ரென்ஸில்தான் பந்தைப் பிடிக்கக் கற்றான். மேஸ்திரி சொன்னபடியே படகேறினான்: முதலில் பென்ஃபிகா, பிறகு அமெரிக்காவில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2021 டிராஃப்டில் 39ஆவது ஆளாக சாக்ரமென்டோ கிங்ஸ் அவனை எடுத்தது. என்.பி.ஏ.வில் ஆடிய முதல் போர்த்துகல்காரன் அவன். 2024இல் பாஸ்டன் செல்டிக்ஸ் கோப்பை வென்றபோது அந்த அணியில் இருந்தான். 2025இல் ஐரோப்பிய நாடுகளின் யூரோபாஸ்கெட் போட்டியில் அவனை நடுவில் நிறுத்தி ஆடிய போர்த்துகல் கடைசிப் பதினாறு அணிகளுக்குள் வந்தது.

ஏழடி உயரம் பிறவியில் வந்தது. ஆனால் அந்த உயரத்தை ஆட்டமாக மாற்ற ஒரு பயிற்சியாளர் வேண்டும், ஒரு வளையம் வேண்டும், குடியேறி வந்த வீட்டுப் பிள்ளையை உள்ளே வா என்று கூப்பிடும் ஒரு கதவு வேண்டும். ஆலையும் ரயிலும் போன பிறகும் அந்தக் கதவைத் திறந்து வைத்திருந்தது மாதச் சந்தா கட்டிய கைகள்தான். முதலாளி தந்தது மைதானத்தோடு போயிற்று. சில்லறையாகச் சேர்த்தது மிஞ்சியிருக்கிறது. சிறு கிளப்புகளைப் பழைய கோப்பைகளை வைத்து மதிப்பிடுவது தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவை இன்றைக்கு எத்தனை பிள்ளைகளுக்குப் பந்தைத் தருகின்றன என்று கேட்க வேண்டும்.

மாலையில் கிளப்புக்குப் போனேன். அன்று பெண் பிள்ளைகளின் பயிற்சி. இடது கை லே-அப். பத்தில் நான்கு உள்ளே விழுந்தன. சுவரோரம் இடம் இருந்தது, உட்கார்ந்து முடியும்வரை பார்த்தேன்.

பிறகு அலுவலகத்தில் இருந்த பெண்ணிடம், வெளிநாட்டுக்காரன் சோசியு ஆகலாமா என்று கேட்டேன். ஒரு படிவத்தைத் தள்ளினார். பெயர், பிறந்த தேதி, முகவரி, தொழில். தொழில் என்ற இடத்தில் ‘கப்பல் எஞ்சினியர், ஓய்வு’ என்று எழுதினேன்.

அவர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “எங்களை ஆரம்பித்தவர்களும் எஞ்சினோடு இருந்தவர்கள்தான், ஐயா” என்றார்.

“தெரியும் அம்மா” என்று சொல்லி ஒரு வருடச் சந்தாவை எண்ணி வைத்தேன்.