நூற்றுக்கு நூறும் ஏழைகளுக்கா?

கே: நாங்கள் எட்டுப் பேர். வேலை முடிந்து வந்து, ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். இன்னும் பதிவு செய்யவில்லை. நன்கொடையை என் ஜிபே எண்ணிலேயே வாங்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

ப: வேண்டவே வேண்டாம். உங்கள் நேர்மை ஊருக்குத் தெரியலாம், பேங்க் ஸ்டேட்மென்ட்டுக்குத் தெரியாது. உங்கள் சம்பளம், மளிகைக்கடை பாக்கி, நோட்டுப் புத்தகத்துக்கு யாரோ தந்த ஐந்நூறு ரூபாய் எல்லாம் அதில் அடுத்தடுத்த வரியில் நிற்கும். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்ய ஏழு பேர் இருந்தால் போதும், நீங்கள் எட்டுப் பேர் இருக்கிறீர்கள். முதலில் பதிவு, சங்கத்தின் பெயரில் கணக்கு, இருவர் கையெழுத்து, வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம். பிறகு வசூல்.

கே: 'நீங்கள் தரும் பணம் நூற்றுக்கு நூறும் ஏழைகளுக்கே' என்று நோட்டீஸில் போட்டால் வசூல் கூடும் என்கிறார்கள். போடலாமா?
– வாசகி, மதுரை

ப: போடாதீர்கள் அம்மா. அறை வாடகை, ஆட்டோ கூலி, ஆடிட்டர் ஃபீஸ் எல்லாம் யார் தருவது? பெரும்பாலும் செயலாளர் வீட்டுச் செலவுப் பணம்தான் போகும். இரண்டு மூன்று வருடத்தில் அவர் ஓய்ந்துபோவார், கூடவே சங்கமும் ஓய்ந்துவிடும். இல்லாவிட்டால் ஆட்டோ கூலியை நோட்டுப் புத்தக பில்லில் ஒளிக்கத் தோன்றும். நல்ல மனிதர்கள் சிக்கிக்கொள்வது அந்த இடத்தில்தான். 'நூறு ரூபாயில் பன்னிரண்டு ரூபாய் நிர்வாகத்துக்கு' என்றால் அதையே அச்சடியுங்கள். வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்புகளை அரசு எவ்வளவோ இறுக்கிப் பிடிக்கிறது. 2020-இல் சட்டத்தைத் திருத்தி, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20-ஆகக் குறைத்தார்கள். அந்தச் சட்டம்கூடப் பூஜ்யம் என்று சொல்லவில்லை.

நன்கொடை தருபவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். 'என் பணம் அரிசிக்கு மட்டும்' என்று கட்டுப்பாடு விதிக்காதீர்கள். 'இந்த வருட ஆடிட்டர் ஃபீஸ் என் பொறுப்பு' என்று ஒருவர் சொல்லிப் பாருங்கள், அதைவிடப் பெரிய உதவி ஒரு சின்னச் சங்கத்துக்குக் கிடையாது.

கே: உதவி தரும்போது படம் எடுத்தால் விளம்பரம் என்கிறார்கள், எடுக்காவிட்டால் ஆதாரம் எங்கே என்கிறார்கள்.
– வாசகர், நாகர்கோவில்

ப: பொருளைப் படம் எடுங்கள். பில்லையும் எடுங்கள். வாங்குகிறவர் முகம் வேண்டாம். இலவசப் பையை வாங்கும் எட்டாம் வகுப்புப் பெண்ணின் படம் அவள் தோழிகளின் வீட்டு போனுக்கும் வந்துசேரும். பிறகு அவள் உங்கள் பக்கமே வரமாட்டாள்.

கே: வழக்கமாகத் தரும் அலுவலக நண்பர்கள் இப்போது 80ஜி ரசீதும் கேட்பதில்லை, பணமும் தருவதில்லை. ஏன்?
– வாசகர், சென்னை

ப: புதிய வரிமுறைக்குப் போயிருப்பார்கள். 2023-24 முதல், நாமாகப் பழையதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அதுதான் பொருந்தும். அதில் நன்கொடைக்கான 80ஜி வரிக் கழிவு இல்லை. இனி வரியைச் சொல்லிக் கேட்டுப் பயனில்லை, பிள்ளைகளைச் சொல்லிக் கேளுங்கள். மாதாமாதம் இருநூறு போதும் என்று கேளுங்கள்.

கே: ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் 'காசடிக்கிறார்கள்' என்று போட்டுவிட்டார். மடியில் கனமில்லை, ஆனாலும் மனசு விட்டுப்போச்சு. எங்கள் ஞாயிறு வகுப்பை மூடிவிடலாமா?
– வாசகி, பட்டுக்கோட்டை

ப: சம்பளம் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தவர்களை அப்படிச் சொன்னால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் போலி வசூல்காரர்களிடம் ஏமாந்த ஊர் இது, சந்தேகம் வரும். குழுவில் வாக்குவாதம் வேண்டாம். வரவு செலவுப் பட்டியலை அங்கேயே போடுங்கள். பில் கட்டையும் ரசீது அடிக்கட்டையும் பார்க்க வரும்படி அவரைப் பெயர் சொல்லி அழையுங்கள். வந்தால், அடுத்த வருடக் கணக்குப் பார்க்கும் குழுவில் அவரையே சேர்த்துவிடுங்கள். வராவிட்டாலும் அழைத்ததை ஊரே படித்திருக்கும். வகுப்பை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள்.