பெயில் இல்லாத பரீட்சை

பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் என்றதும் எல்லோரும் சொல்வது சைக்கிளைத்தான். 1991-இல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, கிராமத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் பழகினார்கள். நானும் அப்போது பழகியவள்தான். ஆனால் அந்த இயக்கத்தில் எனக்கு மறக்காமல் நிற்பது வேறொன்று: அங்கே நடந்த பரீட்சை.

குடுமியான்மலைப் பக்கம் கல் உடைக்கும் பெண்களுக்கு நான் தொண்டராகப் பாடம் நடத்தினேன். ஒரு தொண்டருக்குப் பத்துப் பேர் என்பது கணக்கு. ராத்திரிச் சோறாக்கி, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு வருவார்கள். அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்வோம். மொத்தம் மூன்று புத்தகங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று தேர்வுகள், பாடத்தோடு பாடமாக அச்சாகியிருக்கும். நிமிடத்துக்கு 30 சொல் வாய்விட்டுப் படிக்க வேண்டும், சொல்லச் சொல்ல 5 சொல் எழுத வேண்டும், 100 வரை எண் தெரிய வேண்டும் என்று தேசிய எழுத்தறிவு இயக்கம் அளவு வைத்திருந்தது. அளவில் தாட்சண்யம் கிடையாது.

ஓர் அக்காவுக்குச் சம்மட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல்களில் பென்சில் நிற்காது. தேர்வில் ‘கூலி’ என்று எழுதச் சொன்னால் ஒவ்வொரு தடவையும் ‘குலி’ என்றே எழுதினார். மறுநாள் ராத்திரி நான் நெடிலிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு வாரம் கழித்து அதே தேர்வை, அதே திண்ணையில் திரும்ப எழுதினார். யாரும் அவரைப் பெயில் என்று சொல்லவில்லை. நாளைக்கு நான் எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதை அந்தத் தேர்வு எனக்குச் சொன்னது. அதற்குத்தான் அது இருந்தது.

பிறகு நான் அரசுப் பள்ளி ஆசிரியையானேன். 2019 செப்டம்பரில் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அரசாணை வந்தது. முதல் மூன்று வருஷம் யாரையும் நிறுத்திவைக்க மாட்டோம் என்றும் சொன்னார்கள். அது எந்தத் தாயின் காதிலும் விழவில்லை. ‘பொதுத்தேர்வு’ மட்டும் விழுந்தது. பாட்டும் கதையும் நின்று, மாதிரி வினாத்தாள் வகுப்பை எடுத்துக்கொண்டது. நூறு நாள் வேலைக்குப் போகும் ஒருவரின் மகள், பத்து வயசு, என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று கேட்டாள்: “டீச்சர், பெயிலாயிட்டா ஸ்கூலை விட்டு நிறுத்திருவாங்களா?” அதற்கு முன் எழுத்துப் பிழையைப் பற்றித்தான் அவள் என்னிடம் கேட்டிருக்கிறாள்.

ஆசிரியர் சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்தன. அறிவொளிக்குத் தோள் கொடுத்த தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் எதிர்த்தது. 2020 பிப்ரவரி 4 அன்று அரசு அந்தத் தேர்வை ரத்து செய்தது. ஆனால் விஷயம் முடிந்துபோகவில்லை. 2024 டிசம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தியது: ஐந்திலும் எட்டிலும் தேறாத பிள்ளைக்கு இரண்டு மாதத்தில் மறுதேர்வு, அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பு. தமிழ்நாடு இதை ஏற்கவில்லை.

“பரீட்சை இல்லாட்டி பிள்ளை எப்படிப் படிக்கும்?” என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகள் உண்டு, தினமும் பார்க்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளையை அதே பெஞ்சில் இன்னொரு வருஷம் உட்காரவைத்தால் என்ன மாறும்? ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் பள்ளிகள் நம் மாவட்டத்தில் உண்டு. பொதுத்தேர்வு அங்கே மூன்றாவது ஆசிரியரைக் கொண்டுவராது. தோற்றதன் பாரத்தைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டுப் போய்விடும்.

நான் தேர்வுக்கு விரோதி அல்ல. மாதம் ஒன்று வையுங்கள், கறாராகவே வையுங்கள். யாருக்கு எது வரவில்லை என்று ஆசிரியருக்குத் தெரியட்டும். அதைச் சொல்லிக்கொடுக்க ஆளும் நேரமும் கொடுங்கள். கல் உடைத்த பெண்களுக்கு அந்த மரியாதையை இதே மாவட்டம் தந்திருக்கிறது. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவாகத் தர நமக்கு உரிமை இல்லை.