ஈ ஓட்டுகிறேன், மாமா

ஸ்கார்பரோ, கனடா
8.3.2026

அன்புள்ள மாமாவுக்கு,

போன வாரம் போனில், "லீவு நாள்ல இன்னாடா பண்ற?" என்று கேட்டீர்கள். "ஈ ஓட்டிக்கினு இருக்கேன்" என்றேன். வேலை போய்விட்டது என்று நினைத்து அத்தை அழுதார்களாம். அம்மா திருமுல்லைவாயல் பச்சையம்மனுக்கு வேண்டிக்கொண்டாளாம். வேலை பத்திரமாக இருக்கிறது. நான் சொன்னது நிஜ ஈ.

இங்கே ஃப்ளை ஃபிஷிங் என்று ஒன்று இருக்கிறது. மண்புழு கிடையாது, தக்கை கிடையாது. முள்ளின் மேல் இறகும் நூலும் சுற்றி ஈ மாதிரி ஒன்று செய்து, ஆற்றில் வீசி ட்ரவுட் மீனை ஏமாற்றுவது. நமக்கு ஈயக்குண்டு தூண்டிலை இழுத்துக்கொண்டு போகும். இவர்கள் ஈக்கு எடையே இல்லை. அதனால் நரம்பைக் கனமாகச் செய்து, அதைச் சாட்டை மாதிரி முன்னும் பின்னும் சுழற்றி விடுகிறார்கள். பனி உருகி, பூச்சிகள் நம் ஊர் ஈசல் போல ஆற்றிலிருந்து கிளம்பும் காலத்தில்தான் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். இந்தப் பக்கத்து ஆறுகளில் அதற்குச் சட்டப்படி நாள் குறித்திருக்கிறார்கள்: ஏப்ரல் மாதத்து நான்காம் சனிக்கிழமை. அதற்கு ஒரு நாள் முன்னால் பிடித்தாலும் அபராதம். அதுவரை ஊரே கையைப் பிசைந்துகொண்டு திரிகிறது.

காத்திருப்பது உங்களுக்குப் புதிதில்லை. 2019-இல் புழல் ஏரி தரை தெரிய வறண்டபோதுகூட, ஞாயிறு தவறாமல் மூங்கில் கழிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தவர் நீங்கள். ஆனால் இவர்கள் காத்திருக்கிற விதத்தைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

பிப்ரவரியில் ஃபேமிலி டே என்று ஒரு விடுமுறை. அந்த மூன்று நாளும் லைசென்ஸ் இல்லாமலே மீன் பிடிக்கலாம். இலவசம் என்றால் நாம் விடுவோமா? கூட வேலை செய்யும் ஒரு பெரியவர் என்னை சிம்கோ ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். போனார் என்றால், ஏரிக்கரைக்கு இல்லை மாமா, ஏரிக்கு மேலே. தெளிந்த ஐஸ் நாலு அங்குலம் இருந்தால் ஆள் நடக்கலாம் என்பது இங்கத்திய கணக்கு. நான் நடக்கவில்லை, தவழாத குறை. ஐஸ் அவ்வப்போது 'டொய்ங்' என்று சத்தம் போடும். "சத்தம் வந்தால் நல்லது, ஐஸ் கெட்டியாகிறது" என்றார் பெரியவர். எனக்கு எல்லா சத்தமும் ஒரே மாதிரிதான் கேட்டது.

ஏரி நடுவே வரிசையாகக் குடிசைகள். உள்ளே அடுப்பு, பெஞ்சு, தரையில் ஓட்டை, கையில் நம் கரண்டி நீளத்துக்கு ஒரு தூண்டில். ஒவ்வொரு குடிசைக்கும் வெளியே பெரிய எழுத்தில் நம்பர். அரசாங்கம் கொடுத்த நம்பர்! அம்பத்தூரிலும் கொரட்டூரிலும் ஏரிக்குள் வீடு கட்டியவர்கள் பட்டாவுக்காக எத்தனை வருடம் அலைந்தார்கள்! இங்கே ஏரி மேலேயே குடியேற்றிப் பதிவும் செய்துகொடுக்கிறார்கள். ஒரே நிபந்தனை, மார்ச் 15-க்குள் காலி பண்ண வேண்டும். பண்ணாவிட்டால் பொக்லைன் தேவையில்லை, வெயிலே இடித்துவிடும்.

ஐந்து மணி நேரம் உட்கார்ந்து விரல் நீளத்தில் மூன்று மீன் பிடித்தேன். மூக்கு இருக்கிறதா என்று மூன்று முறை தொட்டுப் பார்த்தேன்.

மேப்பிள் மரத்தில் ஓட்டை போட்டுச் சாறு வடிப்பதும் இந்த மாதத்துப் பொழுதுபோக்குதான். 40 லிட்டர் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. பதநீர் குடித்து வளர்ந்த எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

ராத்திரிகளில் ஈ கட்டுகிறேன். சேவல் கழுத்து இறகும் மயில் இறகும் இதற்கு உயிர். பூஜை அறையில் இருக்கும் மயிலிறகை அனுப்பட்டுமா என்று அம்மா கேட்டாள். வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தியாவிலிருந்து அதை ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. முருகனுக்கும் பதில் சொல்ல வேண்டும், கஸ்டம்ஸுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பகலில் அபார்ட்மெண்ட் பின்னால் பனியில் நின்று, முள்ளுக்குப் பதில் கம்பளி நூலைக் கட்டி வீசிப் பழகுகிறேன். நேற்று ஒரு யாழ்ப்பாணத்துப் பாட்டி வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, உதுக்குள்ள மீன் இல்லையப்பன். கடையில விளைமீன் வந்திருக்கு" என்று பரிதாபப்பட்டுச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் போகப்போவது ஃபெர்கஸ் ஊரில் கிராண்ட் ஆறு. மேலே 1942-இல் கட்டிய ஷாண்ட் அணை இருக்கிறது. அதன் அடிமதகு வழியாகக் குளிர்ந்த தண்ணீரை விடுவதால் கோடையிலும் ட்ரவுட் பிழைக்கிறது. சூடு தாங்காத மீன். நம் பக்கம் அதற்காகத்தான் வெள்ளைக்காரன் நீலகிரியில் அவலாஞ்சி வரை ஏறிப் போய் 1907-இல் குஞ்சு பொரிக்கும் பண்ணை கட்டினான். புழலில் விட்டிருந்தால் சித்திரையில் தானாகக் குழம்பாகியிருக்கும்.

இனி சொல்லப்போவதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள். அந்த ஆற்றில் நான் போகும் பகுதியில் பிடித்த மீனை உயிரோடு திருப்பி விட்டுவிட வேண்டும். முள்ளில் கொக்கிப் பல்கூட இருக்கக் கூடாது. ஆறு மாதம் காத்திருந்து, கையுறை வாங்கி, ஈ கட்டி, இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நின்று பிடித்து, "போயிட்டு வா" என்று அனுப்பி வைப்பது. ஜிலேபி கெண்டையைக்கூட விடாத பரம்பரையில் பிறந்து எனக்கு இந்த நிலைமை.

இன்றைக்கு விரதம் தொடங்கினால் ஏப்ரல் 24-உடன் சரியாக 48 நாள், ஒரு மண்டலம் முடிகிறது. மறுநாள் 25, சனிக்கிழமை, ஆறு திறக்கிறது. மீனை விட்டுவிடும் விஷயம் மட்டும் அத்தைக்குத் தெரிய வேண்டாம். மிளகாய்த்தூள் அரைத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அது வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்