ஐஸ் பசியாறும் ஊர்

பலெர்மோ, சிசிலித் தீவு

அன்புள்ள அக்காவுக்கு,

"இத்தாலியில என்னதான்டா சாப்பிடுற?" என்று நீ கேட்டதற்கு வாட்சாப்பில் பேசி அனுப்பினால் மாமா பாதியிலேயே நிறுத்திவிடுவார். அதனால்தான் கடிதம்.

போன சனிக்கிழமை நான் வேலை செய்யும் பட்டறைக்கு லீவு. செஃபலூ என்ற ஊருக்குப் போய் வந்தேன். பலெர்மோவிலிருந்து கிழக்கே ரயிலில் ஒரு மணி நேரம். முன்னால் கடல், பின்னால் 270 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக ஒரு பாறை மலை. மலையும் கடலும் போக மிச்சமிருந்த இடத்தில் வீடுகளைத் திணித்து, அதற்கு ஊர் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். சந்துக்குள் நடந்தால் மாடியில் காயும் துணி தலையில் சொட்டுகிறது. அண்ணாந்து முறைத்தேன். துணிக்காரம்மா "போன்ஜோர்னோ" என்று சிரித்தார். அப்புறம் எங்கே சண்டை போடுவது?

பசியாற ஒரு கடையில் உட்கார்ந்தேன். ரொட்டி சானாய் கிடைக்காது என்று தெரியும். சூடாக ஏதாவது வரும் என்றாவது நம்பினேன். வந்தது ஐஸ். வாதுமைப் பாலில் செய்த ஐஸ், கண்ணாடிக் குவளை நிறைய. கூடவே உச்சியில் சின்னக் கொண்டை வைத்த இனிப்பு பன். முதலில் கொண்டையைப் பிய்த்து ஐஸில் தோய்த்துத் தின்ன வேண்டுமாம். கிரானிதா என்கிறார்கள். பல் போன பாட்டிகள் காலை எட்டு மணிக்கு இதைச் சாப்பிட்டுவிட்டுக் கம்பீரமாகக் கோயிலுக்குப் போகிறார்கள். மழையில் நனைந்தாலே தைலத்தோடு துரத்தும் அம்மா இதைப் பார்த்தால், ஊர் முழுவதற்கும் நெஞ்சில் தேய்த்துவிட்டுத்தான் விமானம் ஏறுவார். நானும் இப்போது வாரத்தில் பாதி நாள் அதைத்தான் பசியாறுகிறேன். அம்மாவிடம் சொல்லாதே.

மதியம் ஒரு மணிக்கு மேல் முக்கால்வாசிக் கடைகளுக்குப் பூட்டு. நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஏழு மணிக்குப் போய் நின்றால், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்காத குறையாகப் பார்க்கிறார்கள். இங்கே பேர்போன பாஸ்தா ஒன்று: மத்தி மீன், காட்டுச் சோம்புக் கீரை, அதோடு உலர்ந்த திராட்சை. ஆமாம், நாம் பாயசத்தில் போடும் அதே திராட்சை, மீனோடு. மாமாவிடம் இதைப் பக்குவமாகச் சொல். நாக்கு பழகிவிட்டால் நன்றாகவே இருக்கிறது. காரம் மட்டும் துளியும் இல்லை.

செஃபலூவின் பெரிய தேவாலயத்தை ரோஜர் என்ற ராஜா 1131-இல் கட்ட ஆரம்பித்தாராம். கடலில் புயலில் சிக்கி, உயிரோடு கரைசேர்ந்தால் கோயில் கட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டார் என்பது கதை. நம் ஊரில் லுமுட்டிலிருந்து பங்கோர் தீவுக்குப் படகு ஏறும்போதெல்லாம் நீயும்தான் வேண்டிக்கொள்கிறாய். உன் கணக்கு ஒரு தேங்காயோடு முடிகிறது.

எனக்குப் பிடித்தது தேவாலயம் இல்லை, துணி துவைக்கும் இடம்தான். தெருவிலிருந்து படியிறங்கினால் கல் தொட்டிகள். சுவரில் இரும்புச் சிங்க முகங்கள் வரிசையாக வாயைத் திறந்திருக்க, ஒவ்வொரு வாயிலிருந்தும் ஆற்றுத் தண்ணீர் கொட்டுகிறது. இப்போது சுற்றுலாக்காரர்கள் படமெடுக்க மட்டும்தான் வருகிறார்கள். நம் தோட்டத்து லயத்துக் குழாயடியில் ஒரு வாளிக்காக நடந்த சண்டையெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. இங்கேயும் நடக்காமலா இருந்திருக்கும்? அத்தனையும் கேட்ட சிங்கங்கள் திறந்த வாய் மூடாமல் நிற்கின்றன.

"தமிழ் பேச ஆள் இல்லாம தனியா கிடக்கியே" என்று நீ அழுதாயே, அந்தக் கவலையை விடு. பலெர்மோவில் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், போரில் இலங்கையை விட்டு வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் பெல்லெக்ரீனோ மலைக்கு இழுத்துப் போனது. கடலோரத்திலிருந்து அறுநூறு மீட்டர் உயரும் மலை. மேலே குகைக்குள் சாந்தா ரொசாலியா கோயில். 1624-இல் கொள்ளைநோய் வந்தபோது இந்தப் பெண்துறவியின் எலும்புகள் இந்த மலையில் கிடைத்ததாகவும், அவற்றை ஊர்வலமாக எடுத்துச் சென்றபின் நோய் போனதாகவும் நம்பிக்கை. அம்மை இறக்கும் மாரியம்மனைக் கும்பிட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கவே வேண்டாம். தமிழர்கள் நெற்றியில் விபூதியோடு ஏறுகிறார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், பாதிரியாரும் ஒன்றும் சொல்வதில்லை. குகைக் கூரையில் கசியும் தண்ணீரைத் தகரக் கால்வாய் வைத்துப் பிடிக்கிறார்கள், அதுதான் தீர்த்தம். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று வாசலில் நான் தடுமாற, கூட வந்த அம்மா, "தம்பி, குளிரும், போட்டுக்கொண்டே வாங்கோ" என்றார். மகராசி.

மலையிறங்கியதும் அவர்கள் வீட்டிலேயே சோறும் நண்டுக் குழம்பும். கண்ணில் தண்ணீர் வரும் காரம். இந்த ஊரில் எனக்கு மூக்கு ஒழுகியது அன்றைக்குத்தான்.

அதற்கு மொய் செய்ய வேண்டாமா? மாமாவின் கூட்டாளி ரோமுக்குச் சுற்றுலா வருகிறாரே, அவர் பெட்டியில் நம் ஊர்க் கம்போங் கோ சில்லி சாஸ் நாலு பாட்டிலும், கொங் பியா ரொட்டி இரண்டு பொட்டலமும் வைத்து அனுப்பு. பாட்டில் மூடியை டேப் போட்டு நன்றாகச் சுற்று. ரொட்டி வெங்காயம் வைத்ததாக இருக்கட்டும்.

அன்புத் தம்பி