காலப் பயணத்தில் இறங்குமிடம்: மதுரையை முன்வைத்து ஓர் ஆய்வு

சொந்த ஊரின் பழங்காலத்துக்குப் போக வாய்த்தால் எந்த நூற்றாண்டில் இறங்குவது என்ற கேள்வி மதுரை டீக்கடைகளில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது. ஆய்வாளர்கள் எல்லோருமே ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். "சங்க காலம்" என்பவர் நேரே நெடுஞ்செழியன் அவையில் போய் உட்கார்ந்துவிடுகிறார். "நாயக்கர் காலம்" என்பவர் மஹால் தூணில் சாய்ந்து வெற்றிலை போடுகிறார். வாசலில் ஒருவன் மறித்து "யாருடா நீ, எந்த ஊரு, என்ன ஆளு?" என்று கேட்பான் என்பது எவர் கணக்கிலும் வருவதில்லை. எனவே இக்கட்டுரை இரண்டே அளவுகோல்களைக் கொள்கிறது: போன இடத்தில் சாப்பிட முடியுமா? உள்ளே விடுவார்களா?

முதலாவதை வைத்து மதுரை வரலாற்றின் குறுக்கே ஒரு கோடு கிழிக்கலாம். அதற்கு மிளகாய்க் கோடு என்று பெயரிடுகிறோம். வாஸ்கோ ட காமா மலபார்க் கரையில் இறங்கியது 1498இல். மிளகாய் போர்த்துகீசியக் கப்பல்களில் வந்தது அதற்குப் பிறகுதான். அதாவது பாண்டியர்களில் பெரும்பாலோர் காரச் சட்னி என்ற ஒன்றைக் கனவிலும் காணாமல் ஆண்டு முடித்தவர்கள். மிளகு இருந்ததே என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுக்குச் சளி பிடித்திருக்கக்கூடும்.

கோட்டுக்கு அப்பால் சபலம் இல்லாமல் இல்லை. கீழடியில் 2015 முதல் தோண்டி எடுத்தவற்றுள் உறைகிணறு, தாயக்கட்டை, சுடுமண் குழாய் எல்லாம் உண்டு. அவற்றைவிட இவ்வாய்வாளரை அசைத்தவை பானை ஓடுகள். குவிரன், ஆதன் என்று கீறலான தமிழி எழுத்தில் பெயர்கள். கல்யாணச் சீர் எவர்சில்வர் குடத்தில் "அன்பளிப்பு, தாய்மாமன்" என்று புள்ளி புள்ளியாய்ப் பொறித்துத் தரும் ஊர்க்காரனுக்கு இதைவிட நெருங்கிய சொந்தம் வேறு எங்கே கிடைக்கும்? போதாக்குறைக்கு மதுரைக்காஞ்சி அல்லங்காடி என்ற இரவுக் கடைவீதியைப் பற்றிப் பேசுகிறது. அப்போதும் ஊர் தூங்கவில்லை. கடை திறந்திருக்கும், கறிதோசை மட்டும் இருக்காது. பாதி ராத்திரியில் அந்த ஏமாற்றத்தைத் தாங்கும் திறன் மதுரைக்காரனுக்கு உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.

சுல்தான்கள் காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். 1340களில் இங்கே வந்த இபன் பதூதா சுல்தானின் சகலை. இருந்தும் அவர் கண்டது ஊரெல்லாம் கொள்ளைநோய். தானும் காய்ச்சலில் விழுந்து, பிழைத்ததே போதும் என்று கிளம்பிவிட்டார். அரண்மனைச் சகலைக்கே அந்தக் கதி.

பெருவாரியான வாக்கு திருமலை நாயக்கருக்கு (1623–1659). நியாயம்தான். மிளகாய்க் கோட்டைத் தாண்டியாயிற்று. மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு நகர்த்தி அழகர் வருகையோடு சேர்த்தவர் அவர் என்பது ஊர் வழக்கு. சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. ஆனால் அவர் ஆட்சியின் கடைசியில் மைசூர்ப் படை வந்து, அகப்பட்டவர் மூக்கையெல்லாம் அறுத்துப் போனது. மதுரைப் படையும் பதிலுக்கு அறுத்தது. மூக்கறு போர் என்று வரலாறு அதைச் சிரிக்காமல் குறிக்கிறது. மல்லிகைக்குப் பேர்போன ஊருக்குப் போய் மூக்கை விட்டுவிட்டு வருவதைச் சுற்றுலா என்று கொள்ள இயலாது.

இனி இரண்டாம் அளவுகோல். நாயக்கர் கோட்டையின் மதிலை 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்தார்; அகழி தூர்ந்து வெளி வீதிகள் வந்தன, அவர் பெயரில் விளக்குத்தூண் நின்றது. கோட்டை வாசலில் மறித்தவன் வேலை போனது அன்றோடு. கோயில் வாசலில் மறித்தவன் வேலை போகவில்லை. பொற்காலம் பொற்காலம் என்று நாம் போய் இறங்க நினைக்கும் அத்தனை காலத்திலும், இந்த ஊரில் பிறந்தவர்களிலேயே பெருந்தொகையினர் அந்தக் கோபுரத்தை வெளியே நின்றுதான் பார்த்தார்கள். சுவரை இடிக்க ஒரு கலெக்டர் போதுமானதாக இருந்தது. இதற்கு 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றுதான் வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்டோரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார். டீக்கடைப் பெஞ்சின் மொத்தக் கூட்டமும் யாரையும் வாசலில் விட்டுவிடாமல் போய்வர வேண்டுமானால், அதற்கு முந்தைய நூற்றாண்டுகள் அனைத்தையும் தள்ளுபடி செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஆக, பரிந்துரைக்கப்படும் காலம் 1939 ஜூலை, ஆகஸ்ட். மிளகாய் உண்டு. காபியும் வீடுகளுக்குள் வந்துவிட்டது. செப்டம்பரில் உலகப் போர் தொடங்கிவிடும். அதற்குள் திரும்பிவிட வேண்டும்.

செலவுக்குக் காசு கொண்டு போவோர் கவனிக்க: பாட்டியின் தகர டப்பாவில் கிடக்கும் ஓட்டைக் காலணாவை எடுத்துப் போகக் கூடாது. அது 1943இல்தான் முதலில் அச்சானது. கிளப்புக் கடையில் அதை நீட்டினால் கள்ளக்காசு என்று பிடித்துப் போலீசில் கொடுப்பார்கள். அன்றைய ஸ்டேஷனில் நம்மை ஜாமீனில் எடுக்க ஒருவரும் பிறந்திருக்க மாட்டார்கள்.