முதுகுப்பையும் மூத்தோர் உரிமையும்: உடன்பிறந்தாரோடு கெல்டிக் நாடுகள் சுற்றல் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

உடன்பிறந்தவரோடு முதுகுப்பை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றும் வழக்கம் உலகெங்கும் உண்டு. பை யார் முதுகில் என்ற வினாவை மட்டும் அறிஞர் பெருமக்கள் தொடாமல் விட்டுவிட்டனர். அக்குறை தீர்க்க எழுந்தது இக்கட்டுரை. ஆய்வாளர் தம்பி, உடன் வந்தவர் அக்கா. செல்லக் கருதியவை கெல்டிக் நாடுகள். அவை ஆறு என்பர்: அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், கார்ன்வால், மேன் தீவு, பிரிட்டனி. விமானக் கட்டணத்தையும் விசாக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தபின், களம் திருவொற்றியூருக்கும் தீவுத்திடலுக்கும் இடையில் அமைக்கப்பட்டது. ஆறு நாடும் அங்கேயே கிடைப்பது கீழே நிறுவப்படும்.

2. முன்னோர் சான்று

இளங்கோவடிகள் சேரன் செங்குட்டுவனின் தம்பி என்பது மரபு. கண்ணகிக்குக் கல் எடுக்க இமயம் வரை போன அண்ணன், அதைக் கனகன், விசயன் என்னும் வடபுல மன்னர் தலையில் ஏற்றிக் கொண்டுவந்தான். தம்பி உடன் போகவில்லை. போயிருந்தால் அந்த மன்னர்கள் தப்பியிருப்பார்கள். கல் யார் தலையில் ஏறியிருக்கும் என்பதைத் தம்பிமார் அறிவர். சிலப்பதிகாரம் எழுத இளங்கோவுக்குக் கழுத்தும் நிமிர்ந்திராது.

வள்ளலார் ஏழுகிணற்றில் அண்ணன் சபாபதியின் வீட்டில் வளர்ந்தவர். திருவொற்றியூர்க் கோயிலுக்கு அடிக்கடி வந்து வழிபட்டவர். அண்ணனை அழைக்காமல் தனியாகவே வந்தார் என்று கொள்வது இவ்வாய்வுக்கு வசதி.

3. நூற்பாவும் உரையும்

"மூத்தோர் கையில் முடிவும், இளையோர்
முதுகில் மூட்டையும் முறையே வைகும்."

இது ஆய்வாளர் செய்த நூற்பா. வழி, நேரம், சாப்பாட்டுக் கடை ஆகியவற்றைத் தீர்மானிப்பது மூத்தவர். அத்தீர்மானங்களின் எடையைச் சுமப்பது இளையவர் என்றவாறு. இரட்டையருக்கு எவ்வாறு எனின், சில நிமிட மூப்பும் மூப்பே என்க.

4. களம்

திருவொற்றியூரில் மின்சார ரயில் ஏறுவோருக்கு முதல் சோதனை கொருக்குப்பேட்டை. அங்கே பாதை பிரிகிறது. ஒன்று பேசின் பிரிட்ஜ் வழியாகச் சென்ட்ரலுக்கும், மற்றொன்று வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வழியாகக் கடற்கரைக்கும் போகும். ஆய்வாளர் சென்ட்ரல் வண்டியைச் சொன்னார். "இன்னாடா பேசுற? ராயபுரத்துல எறங்கு. காசிமேட்டாண்ட கருவாடு வாங்கணும்" என்றார் அக்கா. நூற்பாவின் முதற்பாதி நிறைவேறியது. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட நிலையத்தில் இருவரும் இறங்கினர்.

நெத்திலியும் வாளைக் கருவாடும் வாங்கப்பட்டன. "என் ஹேண்ட்பேக்ல போட்டா நாறிடும்டா" என்ற காரணத்தோடு அவை முதுகுப்பைக்குள் போயின. பையில் ஏற்கெனவே குடை, தண்ணீர் பாட்டில், புளிசாதம், அக்காவின் மாற்றுச் செருப்பு. ஆய்வாளர் உடைமை ஒரு கைக்குட்டை. இரண்டாம் பாதியும் நிறைவேறியது.

வேல்ஸ்: வேல்ஸில் பிறந்து 1788-இல் சென்னைக்கு வந்த வணிகர் தாமஸ் பாரி. அவர் பெயரில் நிற்பது பாரிமுனை. "பாரிஸ்! பாரிஸ்!" என்று கூவும் ஷேர் ஆட்டோக்காரர் அன்றாடம் வேல்ஸுக்குத்தான் ஆள் ஏற்றுகிறார். பக்கத்தில், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் கொண்டுவந்த அத்தோ என்னும் நூடுல்ஸ் கிடைக்கும். காசு கொடுத்தவர் அக்கா. இது நூற்பாவுக்குப் புறனடை. மறைப்பது ஆய்வு நெறியன்று.

பிரிட்டனி, அயர்லாந்து, மேன் தீவு, கார்ன்வால்: நான்கும் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் அடக்கம். பிரிட்டனியின் சான் மாலோவில் பிறந்த லா பூர்தொன்னே 1746-இல் கடல்வழி வந்து கோட்டையைப் பிடித்தார். 1749-இல்தான் அது ஆங்கிலேயரிடம் திரும்பியது. அயர்லாந்தில் பிறந்த மெகார்ட்னி பிரபு 1781 முதல் 1785 வரை ஆளுநர். மைசூர் வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதிய மார்க் வில்க்ஸ், மேன் தீவிலிருந்து வந்து சென்னைப் படையில் இருந்தவர். 1698 முதல் 1709 வரை ஆளுநராக இருந்த தாமஸ் பிட், இங்கே வாங்கிய பெரிய வைரம் பிரான்சில் விலைபோன பின் கார்ன்வாலில் பண்ணை வாங்கினார். அந்த வைரத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர் அவர் மகன் ராபர்ட். லாபம் மூத்தவருக்கு, சுமை இளையவருக்கு என்னும் விதி சீமையிலும் செல்லும் என்பதற்கு இது போதும்.

கோட்டை வாயிலில் காவலர் பையைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் வரிசை சற்றுப் பின்வாங்கியது. "யாருதுப்பா இது?" அக்கா கொடிமரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். இதனால் பெறப்படும் கிளை விதி: பையிலுள்ள பொருள் மூத்தவருடையது, பிறர்முன் திறக்கும்போது மட்டும் இளையவருடையது.

ஸ்காட்லாந்து: கிளாஸ்கோவில் பிறந்து சென்னை ஆளுநராகி 1827-இல் காலராவில் இறந்த சர் தாமஸ் மன்றோ, தீவுத்திடலருகே குதிரைமேல் இருக்கிறார். சான்ட்ரி செய்த அச்சிலை 1839-இல் நிறுவப்பட்டது. அங்கவடி இல்லை என்று ஊரெல்லாம் பேசும். பை இல்லை என்பதை யாரும் கவனித்ததில்லை. ஆள்பவர் சுமப்பதில்லை என்பதற்கு வெண்கலச் சான்று இது.

5. முடிவு

உடன்பிறந்தாரிடையே பாதைத் தகராறு பயணத்தைக் கெடுப்பதில்லை. இருவருக்கு ஒரே பை என்ற ஏற்பாடே கெடுக்கிறது. ஆகவே ஆளுக்கொரு பை என்பது இவ்வாய்வின் பரிந்துரை. அக்காவோடோ அண்ணனோடோ அயர்லாந்து போக எண்ணுவோர் முதலில் கருவாட்டுப் பையோடு ராயபுரத்திலிருந்து மன்றோ சிலை வரை நடந்து பார்க்கவும். வீடு திரும்பிய பிறகும் பேச்சுவார்த்தை இருந்தால் மட்டும் விசாவுக்குப் பணம் கட்டவும்.